காயத்துக்கு முன்னே ஒரு களிம்பு

முகத்தில் விழுந்த மங்கு என்னும் கருந்திட்டையோ, பரு ஆறியபின் நின்றுவிட்ட தழும்பையோ, வெயிலில் தடித்துப்போன சருமத்தையோ போக்கிக்கொள்ள விரும்பித் தோல் மருத்துவரிடம் செல்லுகிற ஒருவர், அன்றைக்கே அமிலம் பூசப்பெற்று அன்றைக்கே புதுமுகத்தோடு வீடு திரும்பலாம் என்ற எண்ணத்துடன் போயிருந்தால், பெரும்பாலும் சிறிது ஏமாற்றத்தோடுதான் திரும்ப வேண்டியிருக்கும். சிகிச்சைக்கு இன்னும் மூன்று அல்லது நான்கு வாரம் இருக்கிறது என்று சொல்லி, ஒரு சிறு குழாய்க் களிம்பை எழுதிக்கொடுத்து, இரவில் பட்டாணி அளவுக்கு மேல் எடுக்கலாகாது என்று கட்டளையிட்டு, பகலில் வெயில் தடுப்புக் களிம்பை மறக்கலாகாது என்று எச்சரித்து மருத்துவர் அவரை அனுப்பிவிடுகிறார். பூசத் தொடங்கிய சில நாட்களில் மூக்கின் ஓரத்திலும் வாயின் ஓரத்திலும் தோல் தவிடாக உரிகிறது, கன்னம் சிவக்கிறது, சோப்புப் பட்டால் எரிகிறது. அழகைத் தேடிப் போனவர் இப்படி அவஸ்தைப்படும்போது, குணப்படுத்துவதற்கு முன்பே புண்படுத்துகிற இந்த விசித்திரமான மருந்து எதற்காக என்று கேட்பது நியாயமான கேள்வியேயாகும்.

அந்தக் களிம்பின் பெயர் ட்ரெட்டினாயின். வைட்டமின் ஏ-யிலிருந்து பிறந்த ரெட்டினாய்டுகள் என்னும் வம்சத்தில் சரும வைத்தியத்துக்கு மூத்த பிள்ளை அது. அதனுடைய பிரயோஜனத்தைப் பற்றி அளவுக்கு மிஞ்சிய நம்பிக்கையும் அளவுக்கு மிஞ்சிய பயமும் ஒருங்கே நிலவுவதால், அது எந்தச் சிகிச்சைக்கு முன்னால் உதவுகிறது, எதற்கு முன்னால் உதவுவதில்லை என்பதைச் சற்று நிதானமாக ஆராய்வது தகும். என் அபிப்பிராயத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: இந்த முன்தயாரிப்பின் மதிப்பு, பின்னால் வரப்போகிற சிகிச்சை மேல்தோலைத் தன்னிடத்தில் வைத்துக்கொண்டு அதனூடே வேலை செய்கிறதா, அல்லது மேல்தோலையே அப்புறப்படுத்திவிடுகிறதா என்பதைப் பொறுத்தது.

வைட்டமின் ஏ என்றவுடன் நமக்கு மாலைக்கண்தான் நினைவுக்கு வரும். 1913-ஆம் ஆண்டு அமெரிக்காவில் விஸ்கான்ஸினிலும் யேல் பல்கலைக்கழகத்திலும், ஒருவரையொருவர் சாராமல் இரண்டு ஆராய்ச்சிக் குழுக்கள் வெண்ணெயில் ஏதோ ஒரு ஜீவசத்து இருக்கிறது என்று கண்டன. அதுவே பின்னர் வைட்டமின் ஏ ஆயிற்று. ஆனால் அந்தச் சத்துக்கு உடம்பை மூடியிருக்கிற தோலோடும், உள்ளுறுப்புகளை மூடியிருக்கிற மெல்லிய சவ்வுகளோடும் உள்ள நெருக்கமான சம்பந்தம் கண்ணோடு உள்ள சம்பந்தத்துக்கு எவ்வகையிலும் குறைந்ததல்ல. 1925-ல் உல்பாக், ஹௌ என்னும் இருவர் அந்தச் சத்தை நீக்கிய ஆகாரத்தை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, மூச்சுக் குழலிலும் சுரப்பிகளிலும் ஈரமாகவும் மென்மையாகவும் இருக்க வேண்டிய சவ்வுகள், உள்ளங்காலின் தோலைப் போல வறண்டு கொம்புத் தன்மை அடைந்துவிட்டதைக் கண்டார்கள். அதற்கு நேர்மாறான அதிசயத்தை 1953-ல் இங்கிலாந்தில் ஹானர் ஃபெல் அம்மையாரும் எட்வர்ட் மெல்லன்பியும் காட்டினார்கள்: கோழிக் கருவின் தோலைக் கண்ணாடிப் பாத்திரத்தில் வளர்த்து, அதற்கு வைட்டமின் ஏ-யை மிகுதியாக ஊட்டியபோது, கொம்புப்படலம் கட்ட வேண்டிய அந்தத் தோல் சளி சுரக்கிற சவ்வாக மாறத் தலைப்பட்டது. ஓர் உயிரணு தன் வாழ்நாளில் என்னவாக வேண்டும் என்பதையே தீர்மானிக்கிற சக்தி இந்தச் சத்துக்கு உண்டு என்பது இவ்விரண்டு பரிசோதனைகளாலும் தெளிவாயிற்று.

நம் பக்கத்திலும் இதற்கு ஒரு சாட்சியம் உண்டு. முழங்கையிலும் முழங்காலிலும் மயிர்க்கால்தோறும் முள் முளைத்தாற்போலத் தோல் சொரசொரப்பாகிவிடுகிற ஒரு நோயை, அது தேரையின் தோலைப் போலிருப்பது பற்றி 1933-ல் நிக்கல்ஸ் என்ற மருத்துவர் ஃபிரைனோடெர்மா என்று பெயரிட்டு வர்ணித்தார். அதே பத்தாண்டில் குன்னூரிலிருந்த போஷாக்கு ஆராய்ச்சிச் சாலையைச் சேர்ந்தவர்கள் தென்னிந்தியப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் பரிசோதித்து, ஏழைக் குழந்தைகளிடம் இந்தத் தோலைக் கண்டு எழுதினார்கள். வைட்டமின் ஏ குறைவு ஒன்றே இதற்குக் காரணம் என்று அக்காலத்தில் நினைத்தது பின்னால் திருத்தப்பட்டது. உணவில் நல்ல கொழுப்பு இல்லாமையும் அதில் சேரும் என்று இப்போது சொல்கிறார்கள். ஆயினும் தோலுக்கும் இந்தச் சத்துக்கும் உள்ள உறவு, ஆராய்ச்சிச் சாலையின் எலியோடு நின்றுவிடாமல், நம் தெருவில் ஓடிய குழந்தையின் முழங்கையிலேயே எழுதப்பட்டிருந்தது என்பதற்காக அதைக் குறிப்பிட்டேன்.

தோலின் அமைப்பை இங்கே இரண்டு மூன்று வாக்கியத்தில் சொல்லிவிடலாம். மேல்தோலின் அடிவரிசையில் பிறக்கிற அணுக்கள், ஏறத்தாழ ஒரு மாத காலத்தில் படிப்படியாக மேலேறி, வழியில் கெராட்டின் என்னும் புரதத்தைத் தம்முள் நிரப்பிக்கொண்டு, உச்சியை அடையும்போது உயிரை இழந்து தட்டையான செதில்களாகி, கொம்புப்படலம் என்கிற வெளிக்கவசமாக அமைந்து, பிறகு நமக்குத் தெரியாமலே உதிர்ந்துபோகின்றன. அந்த அடிவரிசையிலேயே இடையிடையே உட்கார்ந்திருக்கிற மெலனின் அணுக்கள் நிறத் துகள்களை உண்டாக்கித் தம்மைச் சுற்றியுள்ள அணுக்களுக்கு விநியோகம் செய்கின்றன. கறுப்போ மாநிறமோ சிவப்போ, நம் நிறம் அந்த விநியோகத்தின் விளைவு.

வைட்டமின் ஏ-யின் அமில ரூபத்தை 1946-ல் ஹாலந்து தேசத்தைச் சேர்ந்த ஆரென்ஸ், வான் டோர்ப் என்னும் ரசாயனிகள் செயற்கையாகத் தயாரித்தனர். அதைத் தோலின்மேல் பூசிப் பார்க்கும் முயற்சி 1960-களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் நடந்தது; எரிச்சல் தாங்கவில்லை என்பதால் அது அதிகம் பரவவில்லை. பிறகு பென்ஸில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் ஆல்பர்ட் கிளிக்மன் தம் சகாக்களோடு சேர்ந்து, முகப்பருவுக்கு அது சிறந்த மருந்து என்று 1969-ல் பிரசுரித்தார். 1971-ல் அமெரிக்க அரசின் அனுமதியோடு அது ரெட்டின்-ஏ என்ற பெயரில் கடைக்கு வந்தது. கிளிக்மனைப் பற்றிப் பேசும்போது ஒன்றை மறைத்துச் செல்வது அறமாகாது. ஃபிலடெல்ஃபியாவின் ஹோம்ஸ்பர்க் சிறைச்சாலையில், பெரும்பாலோர் கறுப்பினத்தவரான கைதிகளின் உடம்பில் அவர் 1951 முதல் 1974 வரை நடத்திய சரும பரிசோதனைகள், பிற்காலத்தில் பெரும் பழிக்கு இலக்காயின. அந்நகர நிர்வாகம் 2022-ல் அவற்றுக்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. இன்று அழகுக்காக நாம் விரல் நுனியில் எடுக்கிற களிம்பின் சரித்திரத்தை அந்தச் சிறைச்சாலையிலிருந்து முற்றிலும் பிரித்துவிட முடியாது.

பருவுக்காகப் பூசிய நடுவயதுப் பெண்கள் சிலர், பரு ஒருபுறமிருக்க, முகச் சுருக்கமும் குறைந்திருப்பதாகச் சொன்னார்கள். அதிலிருந்து தொடங்கிய ஆராய்ச்சி 1986-ல் கிளிக்மன் குழுவினரின் கட்டுரையாகவும், 1988-ல் மிஷிகன் பல்கலைக்கழகத்தாரின் கட்டுரையாகவும் வெளிவந்து, வெயிலால் முதிர்ந்த தோலை ஓரளவு திருப்ப முடியும் என்ற செய்தியைப் பரப்பிற்று. அதன் உட்காரணம் அப்போதுதான் வேறொரு பக்கத்திலிருந்து வெளிச்சத்துக்கு வந்துகொண்டிருந்தது. 1987-ல் ஃபிரான்ஸில் பியேர் ஷாம்போன் குழுவினரும், கலிஃபோர்னியாவில் ரொனால்ட் எவன்ஸ் குழுவினரும், இந்த அமிலத்தைப் பற்றிக்கொண்டு அணுவின் கருவுக்குள் நின்று மரபணுக்களை இயக்குகிற ஒரு புரதத்தைக் கண்டறிந்தார்கள். ஆகவே ட்ரெட்டினாயின் சுரண்டுகிற மருந்தன்று. தோலை அரித்து எடுக்கிற அமிலங்களோடு அதைச் சேர்த்து எண்ணுவது பரவலான தவறு. அணுவின் உள்ளே புகுந்து, எந்தக் கட்டளை நிறைவேற வேண்டும், எது நிறுத்தப்பட வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லுகிற மருந்து அது. தோல் உரிவது அந்தத் தீர்ப்பின் பக்கவிளைவேயன்றி நோக்கமன்று.

தொடர்ந்து பூசிய சில வாரங்களில் தோலில் என்ன நேர்கிறது என்று பார்ப்போம். அடிவரிசை அணுக்கள் வேகமாகப் பிரிந்து பெருகுகின்றன. உயிருள்ள படலம் தடிக்கிறது. அதற்கு மேலே செத்த செதில்களின் கவசமோ மெலிந்து நெருங்கிக்கொள்கிறது. ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் கிடந்த மேற்பரப்பு சமதளமாகிறது. ஓரிடத்தில் குவிந்திருந்த நிறத் துகள்கள் கலைந்து பரவுகின்றன. அணுக்கள் விரைந்து மேலேறி உதிர்வதால் அவை சுமந்துகொண்டு போகிற கருமையும் சீக்கிரம் வெளியேறுகிறது. இவையெல்லாம் மேல்தோலில் நடப்பவை. அதன் கீழே உட்தோலில் கொலாஜன் என்கிற நார்ப்புரதம் புதிதாக உண்டாவதும் உண்மையே. 1993-ல் வெளியான மிஷிகன் ஆய்வொன்றில், வெயிலால் கெட்ட தோலில் கொலாஜன் உற்பத்தி 80 சதவீதம் உயர்ந்தது என்று அளந்து சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அதற்கு 10 முதல் 12 மாதம் பிடித்தது. நான்கு வார முன்தயாரிப்பில் கொலாஜன் பெருகும் என்று எவரேனும் விளம்பரம் செய்தால், அந்த மாதக் கணக்கை வாசகர் நினைவில் கொள்வது நலம். நான்கு வாரத்தில் கிடைப்பது மேல்தோலில் நிகழும் மாற்றம் மட்டுமே. அது போதுமான லாபமா என்பதைத்தான் ஒவ்வொரு சிகிச்சைக்கும் தனித்தனியே கேட்க வேண்டும்.

முதலில் அமிலப் பூச்சை எடுத்துக்கொள்வோம். கெமிக்கல் பீல் என்று இன்று எல்லோரும் சொல்லுவது அதுதான். ஜெர்மானிய மருத்துவர் உன்னா 1882-லேயே சாலிஸிலிக் அமிலத்தையும் ட்ரைகுளோரோஅஸெட்டிக் அமிலத்தையும் தோல் உரிப்பதற்குக் கையாண்டு எழுதியிருக்கிறார். இந்த இரண்டாவது அமிலத்தைப் பூசும் காட்சி கவனிக்கத்தக்கது. கொழுப்பு நீங்கத் துடைத்த முகத்தில், பஞ்சுருண்டையாலோ துணிச்சுருளாலோ அதை நெற்றியிலிருந்து தொடங்கித் தடவுகிறார்கள், எரிச்சல் ஏறுகிறது, விசிறி வைத்துக்கொள்கிறார்கள், சில விநாடிகளில் இருந்து ஓரிரு நிமிஷத்துக்குள் சருமத்தின்மேல் உறைபனி விழுந்தாற்போல வெண்மை பூக்கிறது. அது தோலின் புரதங்கள் உறைகிற அடையாளம். வெண்மை எவ்வளவு அடர்த்தியோ அமிலம் அவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று மருத்துவர் கணிக்கிறார். தயார் செய்யாத முகத்தில் இந்த வெண்மை திட்டுத்திட்டாக வருகிறது: செதில் தடித்த தாடையில் தாமதித்தும், மெலிந்த கண்ணோரத்தில் அவசரப்பட்டும் தோன்றுகிறது. தாமதித்த இடத்தில் இன்னொரு பூச்சுப் போட நேர்ந்து, பக்கத்திலிருக்கிற இடத்தில் தேவைக்கு மேல் ஆழம் போய்விடுவது அபாயம். பழைய சுண்ணாம்பு பொருக்குப் பொருக்காக நிற்கிற சுவரைச் சுரண்டித் துடைக்காமல் புதுச் சுண்ணாம்பு அடித்தால் அது எப்படி ஓரிடத்தில் ஊறியும் ஓரிடத்தில் வழிந்தும் நிற்குமோ, அதே நிலைமைதான் இங்கும். மூன்று நான்கு வாரம் ட்ரெட்டினாயின் பூசிய முகத்தில் வெண்மை சீக்கிரமாகவும் சமமாகவும் எழுகிறது என்பது பீல் செய்கிறவர்கள் கண்ணாரக் காண்பது. ஆகையால் அதே செறிவுள்ள அமிலம் அத்தகைய முகத்தில் கூடுதலாக வேலை செய்யும் என்பதையும் அவர்கள் கணக்கில் எடுத்துக்கொண்டு நேரத்தைக் குறைக்கிறார்கள்.

அனுபவம் ஒருபக்கம், பரிசோதனை என்ன சொல்லுகிறது? 1986-ல் டெர்மாப்ரேஷன் என்னும் சிகிச்சைக்கு முன்னால், அதாவது வேகமாகச் சுழலும் கம்பித் தூரிகையாலோ வைரச் சக்கரத்தாலோ மேல்தோலைத் தேய்த்தெடுப்பதற்கு முன்னால், ட்ரெட்டினாயின் பூசியவர்களுக்குப் புண் சில நாட்கள் முன்னதாகவே மூடிக்கொண்டதாக ஓர் அமெரிக்க மருத்துவர் அறிவித்தார். 1989-ல் பன்றிகளின் தோலில் செய்த பரிசோதனை இன்னும் நுட்பமானது: காயம் செய்வதற்கு முன்பே சில நாட்கள் மருந்தைப் பூசிய தோல் விரைவில் ஆறிற்று, ஆனால் காயம் செய்தபின் பூசிய தோலோ, எதுவும் பூசாத தோலைவிடத் தாமதித்தே ஆறிற்று. ஒரே மருந்து, காலம் மாறினால் குணம் மாறுகிறது. 1991-ல் மனித முகத்திலேயே ஓர் அழகான சோதனை நடந்தது. வெயிலில் கெட்ட தோலுடைய 16 ஆண்களுக்கு, முகத்தின் ஒருபாதியில் 0.1 சதவீத ட்ரெட்டினாயினும் மறுபாதியில் மருந்தில்லாத வெறுங்களிம்பும் 14 நாள் பூசச் செய்து, பிறகு இரு பாதிக்கும் 35 சதவீத ட்ரைகுளோரோஅஸெட்டிக் அமிலம் தடவினார்கள். மருந்து பூசிய பாதி முந்தி ஆறியது. ஆளுக்கு ஆள் தோல் வேறுபடும் என்ற ஆட்சேபத்துக்கே இடமில்லாதபடி ஒரே முகத்தை இரண்டாகப் பிரித்த யுக்தி பாராட்டத்தக்கது. ஆனாலும் 16 பேர் 16 பேர்தாம். இந்தத் துறையின் ஆதாரங்கள் பல இப்படிச் சிறிய அளவினவே என்பதை ஒப்புக்கொண்டுதான் மேலே செல்ல வேண்டும்.

காரணம் எளிதில் விளங்கக்கூடியதே. புண் ஆறுவதென்றால் அணுக்கள் பெருகி ஊர்ந்து வந்து வெற்றிடத்தை மூடுவது. காயம் பட்டபின் அந்த வேலைக்கு அணுக்கள் எழுந்து புறப்பட நேரம் பிடிக்கும். முன்னமே மருந்தினால் பெருக்கத்தில் ஈடுபட்டிருந்த அணுக்களுக்கு அந்தத் தாமதம் இல்லை.

இந்த வெற்றிகளைக் கண்டு, 1990-களில் கார்பன்-டை-ஆக்ஸைடு லேசர் புகழ்பெற்றபோது, அதற்கும் இதே முன்தயாரிப்பை வழக்கமாக்கிவிட்டார்கள். அங்கேதான் தருக்கம் சறுக்கிற்று. 1999-ல் வாஷிங்டனில் 100 நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வில், லேசருக்கு முன்னால் நிறத்தை வெளுக்கிற ஹைட்ரோகுவினோனும் ட்ரெட்டினாயினும் பூசியவர்களுக்கும், கிளைகாலிக் அமிலம் பூசியவர்களுக்கும், ஒன்றுமே பூசாதவர்களுக்கும் பின்னால் வந்த கருமையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் காணவில்லை. 2004-ல் மிஷிகன் ஆராய்ச்சியாளர்கள் முன்கைத் தோலில் பரிசோதித்து, லேசருக்கு முந்திய ட்ரெட்டினாயின் புண் ஆறுவதையும் துரிதப்படுத்தவில்லை, கொலாஜனையும் கூட்டவில்லை, சிவப்பையும் குறைக்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஏன்? அந்த லேசர் மேல்தோலை முழுவதுமாக ஆவியாக்கிவிடுகிறது. நான்கு வாரம் பாடுபட்டுப் பண்படுத்திய படலம் ஒரு கணத்தில் புகையாகப் போய்விட்டால், அந்தப் பாட்டுக்கு என்ன பலன்? புதுத்தோல் முளைப்பதும், அதற்கு நிறம் கொடுக்கிற மெலனின் அணுக்கள் ஏறி வருவதும் மயிர்க்கால்களின் ஆழத்திலிருந்து. அவ்வளவு ஆழத்துக்குக் களிம்பின் ஆட்சி எட்டுவதில்லை. டெர்மாப்ரேஷனும் மேல்தோலை எடுத்துவிடுவதுதானே, அங்கே மட்டும் எப்படிப் பலித்தது என்று கூர்மையான வாசகர் கேட்கக்கூடும். தூரிகையின் ஆழம் இடத்துக்கு இடம் மாறுவது, உஷ்ணத்தால் சுற்றுப்புறம் வேகாமலிருப்பது ஆகிய வித்தியாசங்களைச் சொல்லலாம். ஆனால் அந்த 1986-ஆம் வருஷத்து அறிக்கை லேசர் ஆய்வுகளைப்போல அவ்வளவு கண்டிப்பான முறையில் நடந்ததன்று என்பதையும் மறக்கக் கூடாது. என்னைக் கேட்டால் பீலுக்கு முன்னால் இந்தக் களிம்புக்கு முழு மரியாதை உண்டு என்றும், மேல்தோலை அடியோடு எடுக்கிற முழு லேசருக்கு முன்னால் அரை மரியாதைகூட இல்லை என்றுமே சொல்லுவேன்.

இதுவரை சொன்ன ஆய்வுகளில் பெரும்பாலானவை வெள்ளைத் தோலில் நடந்தவை. வாஷிங்டன் ஆய்வில் சேர்க்கப்பட்டவர்களும் வெளிர்நிறத்தவரே. நம் தோலுக்கு வரும்போது கவலையின் இடம் மாறுகிறது. வெள்ளைக்காரருக்குப் புண் எத்தனை நாளில் ஆறும் என்பதே பெருங்கேள்வி. நமக்கோ ஆறிய இடம் கறுத்துப்போகுமா என்பதே பெருங்கேள்வி. கொசு கடித்த இடமும் சூடு பட்ட இடமும் மாதக்கணக்கில் கறுப்பாக நிற்கிற சருமத்தில், அழகுக்கென்று வலியச் செய்துகொண்ட காயம் புதிய கறையை விட்டுச் செல்லுமானால், இருந்த மங்கே தேவலை என்று ஆகிவிடும். 2004-ல் டில்லி மருத்துவர்கள் மங்கு நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, பீலுக்கு முன்னால் ஒரு பிரிவினருக்கு 2 சதவீத ஹைட்ரோகுவினோனும் மற்றப் பிரிவினருக்கு 0.025 சதவீத ட்ரெட்டினாயினும் கொடுத்துத் தயார்செய்து, பின்பு ட்ரைகுளோரோஅஸெட்டிக் அமிலம் பூசினார்கள். பலன் நிலைப்பதிலும் பின்விளைவான கருமையைத் தடுப்பதிலும் ஹைட்ரோகுவினோனே முந்தி நின்றது. சில ஆண்டுகளுக்குப் பின் கிளைகாலிக் அமிலத்தை வைத்து நடந்த இன்னொரு டில்லி ஆய்விலும் ஏறக்குறைய அதே முடிவு கிடைத்தது.

இது ட்ரெட்டினாயினுக்குத் தோல்வி என்று கொள்ள வேண்டியதில்லை. மங்குக்கு அதை மட்டுமே பூசி வெளுப்புக் கண்ட பழைய ஆய்வுகள் 40 வார காலம் நடந்தவை. அதன் நடை அவ்வளவு மந்தம். மெலனின் தயாராவதையே தடுக்கிற ஹைட்ரோகுவினோனோடு அது சில வாரப் பந்தயத்தில் ஓடினால் பின்தங்குவது இயல்பே. அன்றியும் வேறொரு சங்கடமும் உண்டு. கருநிறத் தோலில் எந்த அழற்சியும் கருமைக்கு வித்து. ட்ரெட்டினாயினின் எரிச்சலும் அழற்சியே. அதை அதிகமாகப் பூசி முகத்தைச் சிவக்கவைத்துக்கொண்ட ஒருவர், எதைத் தவிர்ப்பதற்காகக் களிம்பை ஏற்றாரோ அதையே சம்பாதித்துக்கொள்ளக்கூடும். அதனால்தான் நம் ஊர் மருத்துவர்கள் 0.1 சதவீதத்தை விட்டு 0.025 சதவீதத்தில் ஆரம்பிக்கிறார்கள். சிலர் எரிச்சல் குறைந்த அடாபலீன் என்னும் அதே வம்சத்து மருந்தையே விரும்புகிறார்கள். ஒன்றுவிட்டு ஒருநாள் இரவு, முகம் கழுவி நன்றாக உலர்ந்து இருபது நிமிஷம் கழித்து, நெற்றி, இரு கன்னம், தாடை, மூக்கு என்று ஐந்து புள்ளி வைத்து மெல்லப் பரப்பி, கண்ணோரத்தையும் உதட்டோரத்தையும் மூக்கு மடிப்பையும் விட்டுவிட்டு, மேலே ஈரப்பசை தரும் களிம்பொன்றைப் பூசிக்கொள்ளச் சொல்கிறார்கள். ஈரமான தோலில் மருந்து அதிகம் இறங்கும் என்பதே உலர விடுவதன் காரணம். வெயிலில் அது சிதைந்துபோகும் என்பதே இரவைத் தேர்ந்தெடுத்ததன் காரணம்.

இந்த மூன்று நான்கு வாரத்தில் மருத்துவருக்குக் கிடைக்கிற இன்னொரு லாபத்தைப் புத்தகங்கள் அவ்வளவாக வலியுறுத்துவதில்லை. எனக்கென்னவோ அதுவே பெரிதென்று தோன்றுகிறது. சொன்ன இரவுகளில் பட்டாணி அளவு களிம்பையும் தினமும் காலையில் வெயில் தடுப்புக் களிம்பையும் ஒழுங்காகப் பூச மனமில்லாதவர், பீலுக்குப் பிந்திய வாரங்களில் வெயிலைத் தவிர்ப்பார் என்று நம்புவதற்கில்லை. லேசான களிம்புக்கே கறுத்துப்போகிற முகம் அமிலத்துக்கு என்ன பாடு படும் என்பதும் முன்னமே தெரிந்துவிடுகிறது. இந்தப் பரீட்சையில் தேறாதவரை மருத்துவர் திருப்பி அனுப்பிவிடுவது அவருக்குச் செய்கிற உபகாரமே.

களிம்பு பூசிக்கொண்டிருக்கிற நாட்களில் அழகு நிலையத்துக்குப் போய் மேலுதட்டிலும் புருவத்திலும் வாக்சிங் செய்துகொள்வது ஆபத்து: கவசம் மெலிந்த தோல் மெழுகோடு சேர்ந்து பெயர்ந்து வந்துவிடும். கர்ப்பிணிகளுக்கும் கருத்தரிக்க எண்ணியிருப்பவர்களுக்கும் இந்த வம்சத்து மருந்துகளைப் பூச்சாகக்கூடக் கொடுப்பதில்லை. வாயால் உட்கொள்ளும் ஐஸோட்ரெட்டினாயின் மாத்திரையின் கதை வேறு. 1982-ல் அது வந்த பிறகு, அதைச் சாப்பிட்டவர்களுக்கு டெர்மாப்ரேஷன் செய்தபோது மேடிட்ட தழும்புகள் வந்ததாகச் சில அறிக்கைகள் எழுந்ததால், மாத்திரை நிறுத்தி ஆறு மாதம் ஆகும்வரை எந்தச் சரும சிகிச்சையும் கூடாது என்ற விதி நெடுங்காலம் வேதவாக்காக இருந்தது. 2017-ல் நிபுணர் குழுக்கள் ஆதாரங்களைத் திரும்பப் புரட்டிப் பார்த்து, மேலோட்டமான பீலுக்கும் மேல்தோலை எடுக்காத லேசருக்கும் அவ்வளவு காத்திருக்கத் தேவையில்லை என்று தளர்த்தினார்கள். முகம் முழுவதும் தேய்த்தெடுக்கும் டெர்மாப்ரேஷனுக்கும் முழு லேசருக்கும் பழைய எச்சரிக்கையை வைத்துக்கொண்டார்கள்.

நம் நாட்டில் இந்த விஷயத்தில் நேருகிற பெருந்தீங்கு, மருத்துவரிடம் வருவதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கிறது. 1975-ல் கிளிக்மனும் வில்லிஸும் மங்குக்காக ஒரு கலவையைச் சொன்னார்கள்: ட்ரெட்டினாயின் 0.1 சதவீதம், ஹைட்ரோகுவினோன் 5 சதவீதம், டெக்ஸாமெத்தஸோன் என்னும் ஸ்டீராய்டு 0.1 சதவீதம். ஒன்றின் எரிச்சலை மற்றொன்று அடக்கும் என்ற புத்திசாலித்தனமான ஏற்பாடு அது. சில வாரங்களுக்கு, கண்காணிப்போடு என்ற நிபந்தனைக்கு உட்பட்டது. அதன் சந்ததிகள் இங்கே மருந்துக் கடைகளில் சீட்டில்லாமலே விலைபோய், அக்கா பூசினாள் என்று தங்கையும், தங்கை பூசினாள் என்று அடுத்த வீட்டுக்காரியும் சிவப்பழகுக்காக ஆண்டுக்கணக்கில் பூசுகிற நிலைமை வந்தது. 2018-ல் மத்திய அரசு தோலில் பூசும் ஸ்டீராய்டுகளைச் சீட்டின்றி விற்கக் கூடாத மருந்துகளின் பட்டியலில் சேர்த்தபோதிலும், அந்த வழக்கம் அற்றுப்போய்விடவில்லை. அப்படிப் பூசியவரின் முகத்தில் தோல் காகிதமாய் மெலிந்து, ரத்தக் குழாய்கள் சிவப்பு நூலாகத் தெரிந்து, பூசுவதை ஒருநாள் நிறுத்தினாலே நெருப்பாய் எரிகிறது. அவரே தம்மைப் பீலுக்குத் தயாரானவர் என்று எண்ணி வருகிறார். ஏனென்றால் அவருடைய குழாயிலும் ட்ரெட்டினாயின் என்று அச்சிட்டிருக்கிறது! அத்தகைய முகத்தில் அமிலம் வைப்பது பெரும்பிழை. பல மாதம் செலவழித்து ஸ்டீராய்டை விலக்கிய பின்பே வேறு எதையும் நினைக்கலாம். முதல்நாள் வரும்போதே வீட்டில் பூசுகிற குழாய்கள் அத்தனையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்லுகிற மருத்துவர்கள் காரணமில்லாமல் சொல்லுவதில்லை.

பீலுக்கு எத்தனை நாள் முன்னால் களிம்பை நிறுத்துவது என்பதில் ஒருமித்த அபிப்பிராயம் கிடையாது. இரண்டு நாள் என்பாரும் உண்டு, ஒரு வாரம் என்பாரும் உண்டு. நம் தோலுக்கு நீண்ட இடைவெளியே பத்திரமென்று பலர் கருதுகிறார்கள். பண்பட்ட படலம் ஒரு வாரத்தில் பழைய நிலைக்குத் திரும்பிவிடாது, ஆனால் எரிச்சலும் சிறு வெடிப்புகளும் அதற்குள் அடங்கிவிடும். பீலுக்குப் பிறகு, அந்தப் பன்றிப் பரிசோதனையின் இரண்டாம் பாதி காட்டியபடி, புதுத்தோல் முழுதும் மூடுகிறவரை குழாயைத் தொடக் கூடாது. மூடியபின் வாரத்துக்கு இரண்டு இரவாக அதைத் திரும்ப எடுக்கலாம். மேலோட்டமான பீல்களை இரண்டு மூன்று வார இடைவெளியில் பல தடவை செய்ய வேண்டியிருப்பதால், ஒன்றுக்குப் பின்னே பூசுகிற அந்தக் களிம்பு அடுத்ததற்கு முன்னே பூசுகிற களிம்பாகவும் ஆகிவிடுகிறது.